பதினேழாம் எண் வீட்டில் மர்கரிதா

என் மனைவி இக்லிகா எங்கள் வாசலுக்கு ஒரு வாட்ச்மேன் செய்தாள் என்றால் அதற்குக் காரணம் மனிதர்கள் மேல் இருந்த சலிப்புதான். பிளெவென் நகரில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக்கு மூன்று வாசல்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் படிக்கட்டு, தனி வீடுகள்; எங்களுடையது நடு வாசல். யாருமே கை தூக்காத ஒரு கூட்டத்தில், தலையைச் சொறியக் கையைத் தூக்கினவள் பொறுப்பாளர் ஆகிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் அழைப்பு மணிக்கு ஓய்வில்லை. லிஃப்ட் ஏன் நிற்கிறது, வெந்நீர் எப்போது வரும், குப்பைப் பையைப் படிக்கட்டில் வைத்தது யார். சரியாக நாங்கள் சூப்பில் கரண்டியை வைக்கும்போதுதான் யாருக்காவது சந்தேகம் வரும்.

"இனிமே யாரும் என்கிட்ட கேக்க வேண்டாம். மிஷின்கிட்ட கேக்கட்டும்" என்றாள் ஒருநாள்.

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. இளம் வயதில் ஒரு தொழிற்சாலையின் கணினிக் கூடத்தில் வேலை பார்த்தவள். அப்போது நிரல் என்றால் துளையிட்ட அட்டைகள்தான். ஓய்வு பெற்ற பிறகு பழைய லேப்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றாள். நிரல் எழுத உதவும் பெரிய பெரிய கட்டமைப்புகளைத் திறந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி மூடினாள். கடைசியில் இருப்பதிலேயே சின்னதான ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஒரே கோப்பு, மொத்த வாட்ச்மேனும் அதற்குள்.

"ஒரு வாசலுக்கு ஒரு கோட்டையா கட்டணும்?" என்றாள்.

எனக்குப் புரிய வைக்கவும் முயன்றாள். வாசல்காரர்களின் போன் குழுவில் யாராவது எதையாவது எழுதினால் அது ஒரு முகவரிக்கு வந்து சேரும். அந்த முகவரிக்குக் கீழே சில வரிகள் காத்திருக்கும். எழுதியதில் லிஃப்ட் இருக்கிறதா, வெந்நீர் இருக்கிறதா என்று பார்த்து, அதற்கான பதிலைத் திருப்பி அனுப்பும். அவ்வளவுதான். அந்தப் பதில்களைச் செப்பனிடுவது என் வேலை. எங்கள் ஊர்ச் செய்தித்தாள் மூடப்படும்வரை நான் அங்கே மெய்ப்புத் திருத்துபவனாக இருந்தேன். அவள் எழுதிய வாக்கியங்கள் தந்தி போல இருக்கும். "லிஃப்ட் இல்லை. நாளை." நான் அதை, "லிஃப்ட் பழுதடைந்துள்ளதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்" என்று மாற்றினேன்.

"இது என்ன, லிஃப்டுக்கு இரங்கல் செய்தியா?" என்று அதை அழித்தாள்.

முதல் தளத்து ஸ்தமாத்துதான் வாட்ச்மேனை முதலில் சோதித்தவர். ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டிய மனிதர். ஓய்வுக்குப் பிறகு வாசல் பெஞ்சை ஓட்டிக்கொண்டிருந்தார். "ஏ வாட்ச்மேன், உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று குழுவில் கேட்டார். "இதற்கு எனக்குப் பதில் தெரியாது. லிஃப்ட், வெந்நீர், குப்பை பற்றிக் கேளுங்கள்" என்று பதில் வந்தது. "ஆயிடுச்சு போல. வீட்ல நானும் இப்படித்தான் பேசறேன்" என்று எழுதினார் ஸ்தமாத். வாசலே சிரித்தது.

கடைசியாக அவள் சேர்த்தது பெயர்நாள், அதாவது ஒவ்வொரு பெயருக்கும் என்று நாட்காட்டியில் இருக்கிற பண்டிகை நாள். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. நாள் தெரிந்தவர்கள் பூவோடு வந்து நிற்பார்கள், வீட்டுக்காரர் மேசை போட்டிருக்க வேண்டும். ஆனால் வாடகைக்காரர்கள் வருவதும் போவதுமாக இருக்கிற வாசலில் யாருக்கு என்றைக்கு என்று எப்படித் தெரியும்? அதனால் அன்று காலை வாட்ச்மேனே பெயரையும் வீட்டு எண்ணையும் அறிவிக்கும்படி செய்தாள். ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறுதான் அவளுக்குப் பிடித்தது. பூவின் பெயரும் மரத்தின் பெயரும் வைத்துக்கொண்டவர்கள் எல்லோருக்கும் அன்று பெயர்நாள், அவளுக்கும்தான். அந்த நாளுக்கான வாக்கியத்தில் மட்டும் என்னைக் கை வைக்க விடவில்லை. "ஐந்து மணியிலிருந்து கதவு திறந்திருக்கும். கூப்பிடவில்லையே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்."

நவம்பரில் இக்லிகா போய்விட்டாள். கணையத்தில் புற்றுநோய். கோடையில் வயிறு வலிக்கிறது என்றவள், முதல் பனி விழுவதற்குள் இல்லை. கடைசி வாரங்களில் ஊசி போட வந்தவள் மர்கரிதா. மேல் தளத்தில், இருபத்திரண்டாம் எண்ணில் இருப்பவள், மருந்துக் கடையில் வேலை. கணவன் ஸ்பெயினுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். தினமும் காலையில் கடைக்குப் போகும் முன்னும், மாலையில் திரும்பி வந்து கோட்டைக் கழற்றும் முன்னும் எங்கள் வீட்டுக்கு வருவாள். நான் கொடுத்த காபியைக் குடித்ததில்லை. "அண்ணே, நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்" என்பாள்.

வாட்ச்மேன் குடியிருந்த லேப்டாப் வாசலோரச் செருப்பு அலமாரியின் மேல் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாள் மரியாதைக்காக யாரும் அதனிடம் எதுவும் கேட்கவில்லை. பிறகு லிஃப்ட் நின்றது, கேட்டார்கள். பொறுப்பாளர் வேலை பேச்சில்லாமல் எனக்கு வந்து சேர்ந்தது.

தவக்காலம் பாதி போன பிறகுதான் எனக்கு உறைத்தது. குருத்து ஞாயிறு காலையில் இந்த மிஷின் இக்லிகாவின் பெயரைச் சொல்லி வாசலையே எங்கள் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிடும். துக்க வருடத்தில் மேசை போடக் கூடாது, எங்கள் கதவில் இன்னும் கறுப்பு ரிப்பன் இருந்தது. எல்லாவற்றையும்விட தெமெனுகாவை நினைத்துத்தான் பயந்தேன். இக்லிகாவின் அக்கா, பக்கத்து வாசலில் இருப்பவள். தங்கை சேர்த்துவிட்டுப் போன அந்தக் குழுவில் அவளும் இருந்தாள். அவளுக்கும் பூப்பெயர்தான், அந்த வருடம் தன் பெயர்நாளையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கறுப்பைத் தவிர வேறு எதுவும் உடுத்தவில்லை. அந்தக் குடும்பத்தில் எனக்கு மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். 'லூபென் என் தங்கையின் துக்கத்தை ஒழுங்காகக் காக்கிறான்' என்று அவள் என்னைப் பற்றி நினைக்க வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

கோப்பைத் திறந்தேன். குருத்து ஞாயிறுக்குரிய பெயர்கள் கண்ணில் பட்டன: வியொலெதா, இக்லிகா, மர்கரிதா, யாவோர். ஆயுள் முழுக்க நான் செய்த வேலைதானே: வேண்டாத சொல்லை வெட்டு, இடைவெளியை மூடு. அவள் பெயரை, அதன் மேற்கோள் குறிகளோடும் காற்புள்ளியோடும் எடுத்தேன். சேமித்தேன். அந்தச் சின்னக் கட்டமைப்பில் ஒரு நல்ல குணம் உண்டு. கோப்பைச் சேமித்தால் தானே அணைந்து தானே எழுந்துகொள்ளும், தப்பு இருந்தால் சிவப்பு எழுத்தில் கத்தும். கத்தவில்லை. எனக்கும் கொஞ்சம் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரியாத ஒன்று அந்தக் கோப்பில் இருந்தது. இக்லிகா அட்டைக் காலத்துப் பழக்கத்தை விடவில்லை. அந்த நாட்களில் பெயர்கள் ஒரு கட்டு, எண்கள் இன்னொரு கட்டு. முதல் பெயருக்கு முதல் எண், இரண்டாவதற்கு இரண்டாவது. வாட்ச்மேனுக்குள்ளும் அப்படியே வைத்திருந்தாள். வீட்டு எண்கள் வேறொரு பட்டியலாக வெகு கீழே இருந்தன. நான் பெயர்க் கட்டிலிருந்து ஓர் அட்டையை உருவியிருக்கிறேன், எண் கட்டைத் தொடவில்லை.

குருத்து ஞாயிறு காலை கோவிலில், குருத்தோலைக்குப் பதிலாக எங்கள் ஊரில் கொடுக்கும் வில்லோ கிளையை வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போனேன். போனை வீட்டிலேயே விட்டிருந்தேன். நண்பகல் தாண்டித் திரும்பும்போது பெஞ்சில் ஸ்தமாத் எழுந்து நின்றார். எனக்காக அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

"டேய் லூபென். நான் ஒண்ணும் தப்பா சொல்ல மாட்டேன். மனுஷன் தனியா இருக்க முடியாது, வாஸ்தவம்."

"என்ன சொல்றீங்க?"

"ஆனா ஒரு வருஷம் பொறுத்திருக்கலாமேடா. கதவுல ரிப்பன் கூட கழட்டல. அட, செஞ்சதுதான் செஞ்ச, மிஷின வெச்சா ஊருக்குச் சொல்லுவாங்க?"

எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். தன் போனை நீட்டினார். காலை எட்டு மணிக்கு வாட்ச்மேன் அறிவித்திருந்தது. "இன்று பெயர்நாள்: வியொலெதா, எண் 9. மர்கரிதா, எண் 17. யாவோர், எண் 22. ஐந்து மணியிலிருந்து கதவு திறந்திருக்கும்."

பதினேழு எங்கள் வீடு.

அதற்குக் கீழே வாசல் கணக்குப் போட்டிருந்தது. அந்தக் கணக்கில் ஓட்டையே இல்லை என்பதுதான் கொடுமை. அம்மாவோடு முப்பத்தொன்றில் இருக்கும் யாவோர் ரொம்ப நாளாகத் தனி வீடு தேடிக்கொண்டிருந்தான், எல்லோருக்கும் தெரியும். ஆக, மர்கரிதா தன் வீட்டை அவனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு லூபென் வீட்டுக்குப் போய்விட்டாள். சிலர் வாழ்த்தியிருந்தார்கள். ஒருவர் கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். "ஓஹோ, ஊசி போடப் போனது இதுக்குத்தானா" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அதற்கு நான்கு பேர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார்கள்.

காது மடல் எரிந்தது. கையில் கிளையோடு படியேறினேன். லிஃப்டுக்குள் யாராவது இருந்துவிடுவார்களோ என்ற பயம்.

என் கதவுக்கு முன்னால் மர்கரிதா நின்றுகொண்டிருந்தாள். சமையல் ஏப்ரன், கையில் மாவு. கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணே, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"மர்கரிதா, நான் ஒரு பேரத்தான் எடுத்தேன்..."

"வார்னாவுலேருந்து என் பையன் போன் பண்றான். 'அம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே'ங்கறான். இல்லடான்னு சொன்னா, 'பரவால்லம்மா, நீ சந்தோஷமா இரு'ங்கறான். என்ன சந்தோஷம்? நான் மத்தி மீன் பொரிச்சிட்டு இருந்தேன்!"

நான் உள்ளே போய்ப் போனை எடுத்துக் குழுவில் எழுதினேன்: "வாட்ச்மேன் அறிவித்தது தவறு. மர்கரிதா அவர் வீட்டிலேயே வசிக்கிறார்." கொஞ்ச நேரத்தில் ஒரு பதில் வந்தது. "சரி சரி லூபென். எங்களுக்கும் அப்படித்தான் தெரியும்." பின்னால் கண்ணடிக்கும் பொம்மை.

மர்கரிதா அதைப் படித்துவிட்டுச் செருப்பு அலமாரியைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னா எவனும் நம்ப மாட்டான். சொன்னது அது. அதுவே மாத்திச் சொல்லணும்."

லேப்டாப்பைச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தேன். ஐந்து மாதமாக அந்த மேசையை யாரும் பார்க்க நான் விட்டதில்லை. கழுவாத கோப்பைகள், காய்ந்த ரொட்டி, மருந்துக் கடை ரசீதுகள். அவள் ஒரு மூலையை ஒதுக்கி இடம் செய்தாள். அதுவே எனக்குப் போதுமான அடியாக இருந்தது.

பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு படி மேலே ஏறிவிட்டன என்பது பார்த்ததும் விளங்கியது. அப்படியானால் எண்களிலும் பதினேழை எடுக்க வேண்டும். தேடினேன். பதினேழு ஏழெட்டு இடங்களில் இருந்தது. தண்ணீர் மீட்டரில், நிலவறையில், பால்கனி ஒழுகும் புகாரில். எதை எடுத்தால் எது சாயும் என்று தெரியவில்லை. இரண்டு முறை கை வைக்கப் போய்ப் பின்வாங்கினேன்.

"எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது ஒண்ணுதான். எடுத்தத எடுத்த எடத்துலயே வெக்கறது" என்றேன்.

"வெச்சா?"

"இக்லிகா, எண் பதினேழுன்னு சொல்லும். அஞ்சு மணிக்கு வாங்கன்னு கூப்பிடும்."

மர்கரிதா மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கெடப்போவது என் பெயரா அவள் பெயரா என்றால் எனக்குத் தயக்கமே இருந்திருக்காது. ஆனால் செத்துப்போனவள் பெயரில் விருந்துக்கு அழைப்பதா? தெமெனுகா அதைப் படிப்பாள். இல்லை, முதல் அறிவிப்பையே படித்திருப்பாள். இதற்குள் என்னைப் பற்றி என்ன முடிவு செய்திருப்பாளோ.

"நீங்க வேண்டாம்னா வேண்டாம் அண்ணே" என்றாள் மர்கரிதா. "நான் வேற எடத்துல வேல தேடிக்கறேன். கடைக்கு வர்றவங்க முகத்த நான் எப்படிப் பாப்பேன்?"

அவள் மிரட்டவில்லை. மருந்தின் விலையைச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் இக்லிகாவின் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தேன், மேற்கோள் குறியும் காற்புள்ளியும் சேர்த்து. சேமித்தேன். அது அணைந்து எழுந்தது. கத்தவில்லை. அப்போது கத்தாததை இப்போது நம்புவதா? குழுவில் கேட்டேன்: "வாட்ச்மேன், இன்று யாருக்குப் பெயர்நாள்?"

"வியொலெதா, எண் 9. இக்லிகா, எண் 17. மர்கரிதா, எண் 22. யாவோர், எண் 31. ஐந்து மணியிலிருந்து கதவு திறந்திருக்கும். கூப்பிடவில்லையே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்."

குழுவிலிருந்து "ஊசி போட" என்ற வரி கொஞ்ச நேரத்தில் காணாமல் போயிற்று. எழுதியவளே அழித்திருக்க வேண்டும். மர்கரிதா மூச்சுவிட்டாள்.

"எப்படியும் அஞ்சு மணிக்கு யாராச்சும் வருவாங்க. வீட்ல என்ன இருக்கு?"

"ஊறுகாய்."

ஐந்து மணிக்கு முதலில் வந்தவர் ஸ்தமாத். கறுப்பு ரிப்பன் கட்டிய கதவுக்கு முன்னால், ஒயின் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மணியை அடிப்பதா வேண்டாமா என்று நின்றார். நானும் உள்பக்கம் நின்றுகொண்டு, திறப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் இருமினார். திறந்தேன்.

"வாழ்த்துச் சொல்றதா துக்கம் கேக்கறதான்னு தெரியலடா. மிஷின் கூப்பிட்டுச்சு, வந்துட்டேன்."

பின்னாலேயே வியொலெதா வந்தாள், தன் சொந்தப் பெயர்நாள் மேசையை விட்டுவிட்டு. யாவோர் வந்தான், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தான். மர்கரிதா தனக்காகப் பொரித்த மீனை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னிடமிருந்து எவ்வளவு தூரம் இருக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில், குளிர்பதனப் பெட்டியோடு ஒட்டி நின்றாள். ஸ்தமாத், இறந்தவர்களுக்குச் செய்வதுபோல, கோப்பையிலிருந்து கொஞ்சம் ஒயினைத் தரையில் சிந்தி, "கடவுள் மன்னிக்கட்டும்" என்றார். எல்லோரும் குடித்தோம். எல்லோரும் வந்தது இக்லிகாவுக்காகத்தான் என்று நினைக்க எனக்கு ஆசை. ஆனால் கண்கள் என் மேலிருந்து மர்கரிதாவுக்கும், அவளிடமிருந்து எனக்கும் போய்வந்துகொண்டிருந்தன. நான் மேசைத் துணியின் கறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தெமெனுகா மணி அடிக்காமல் உள்ளே வந்தாள். அவள் கறுப்புக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். நடந்ததை அவளுக்குச் சொன்னேன். பெயர்க் கட்டு, எண் கட்டு, ஓர் அட்டை. சொல்லும்போதே அது பொய் போலத்தான் ஒலித்தது.

"நான் நம்பிட்டேன் லூபென்" என்றாள்.

"இப்ப சொன்னதயா அக்கா?"

"காலைல வந்தத." அவள் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. "அந்த மர்கரிதா பொண்ணு என் தங்கச்சிக்கு ஊசி போடறத நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். இருந்தும் நம்பிட்டேன். நம்பினதோட விடல. சொந்தக்காரங்க ஒருத்தர விடல, லோவெச்சுக்குப் போன் போட்டேன். வார்னாவுக்குப் போட்டேன். வியன்னால இருக்கற மாமா பொண்ணுக்குக் கூடப் போட்டேன். உன்ன என்னென்ன சொன்னேன்னு கேக்காத."

யாவோர் ஒரு முள்ளை வாயிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். எங்கள் எல்லோர் முன்னாலும், ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். அவளுக்குக் காது மந்தம், அதனால் கத்திப் பேசுவாள்.

"நான்தான். காலைல சொன்னேனே லூபென பத்தி, அது இல்ல. இல்லங்கறேன்! தப்பு. அவனா? அவனுக்கு அந்தச் சாமர்த்தியமெல்லாம் ஏது? முட்டைய வேக வெச்சா தண்ணி வத்திப் பாத்திரம் கருகற வரைக்கும் நிப்பான்... ஆமா, கம்ப்யூட்டர்ல ஏதோ நோண்டியிருக்கான்... அறுபத்தாறு வயசு. சட்டைல பட்டன் கூட இல்ல, பாவம், எவ வருவா?"

லோவெச்சுக்கு ஒரு முறை, வார்னாவுக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் என் குற்றமின்மைக்குப் புதிய புதிய ஆதாரங்கள் சேர்ந்தன. என் வழுக்கை, என் குறட்டை, திருமணத்தன்று நான் படியில் தடுக்கி விழுந்தது. வியொலெதா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். ஸ்தமாத் ஜன்னல் பக்கம் திரும்பித் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார். காலையில் என்னைக் கெட்டவன் என்று சொன்னபோது வந்ததைவிடப் பெரிய கூச்சம், மாலையில் நல்லவன் என்று நிரூபிக்கப்பட்டபோது வந்தது.

வியன்னா அழைப்பு நீண்டது. தெமெனுகா கையால் போனை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள், பிறகு குளிர்பதனப் பெட்டியின் பக்கம்.

"இவ விட மாட்டேங்கறா. அப்ப அந்தப் பொண்ணுக்காவது லூபென பிடிக்குமான்னு கேக்கறா. என்ன சொல்ல?"

"பிடிக்காதுன்னு சொல்லுங்க" என்றாள் மர்கரிதா, வியன்னாவுக்கே கேட்கும்படி.

மேசை முழுக்கச் சிரித்தது. தெமெனுகாவும் சிரித்தாள், நவம்பருக்குப் பிறகு முதல் முறையாக. சிரித்துக்கொண்டே அதை அப்படியே வியன்னாவுக்குச் சொன்னாள். நானும் சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. மர்கரிதா கொண்டுவந்த மீனில் ஒன்றை எடுத்து முள்ளைப் பிரித்தேன், இல்லாத முள்ளையும் தேடிக்கொண்டிருந்தேன்.